கழற்றிக் கிடந்த அங்கி

வேட்டை கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று மழவராயன் சொன்னது பொய்.

வாடைமலைக்குக் கீழே இருந்த கோட்டையில் வில்லாளிகளுக்குத் தலைவன் அவன். ஐம்பத்திரண்டு வயது. பறக்கிற கொக்கைக் காட்டி எந்த இறகில் அடிக்கட்டும் என்று கேட்டுவிட்டு அடிப்பவன். அவனுக்கு இனி யாரும் வில்லைப் பற்றிச் சொல்லித்தர ஒன்றுமில்லை. அதனால் தன் பெயரையும் பதவியையும் மறைத்து, காவல் வேலை பார்த்து ஓய்ந்தவன் என்று சொல்லிக்கொண்டு மலையேறினான். இடுப்பில், துணிக்கு உள்ளே, ஒரு குறுங்கத்தி இருந்தது.

போன தை மாதம் அவன் தம்பி சேந்தன் இந்த மலையில்தான் செத்துப்போனான்.

கடமான் வேட்டைக்கென்று ஏறியவன். மூன்றாம் நாள் நீர்ப்பள்ளம் என்கிற மலைக் குடியிருப்பின் ஆட்கள் நான்கு பேர் அவனை மூங்கிலில் கட்டிச் சுமந்து வந்து கோட்டை வாசலில் இறக்கினார்கள். மேலே ஒரு கம்பளி சுற்றியிருந்தது. அதை விலக்கிப் பார்த்தால் உடம்பில் ஒரு நூல்கூட இல்லை. காயமும் இல்லை. முழங்காலிலும் உள்ளங்கையிலும் சிராய்ப்பு மட்டும்.

“துணி எங்க?” என்று கேட்டான் மழவராயன்.

ஒரு மூட்டையை நீட்டினார்கள். சேந்தனின் பஞ்சடைத்த அங்கி, சட்டை, வேட்டி எல்லாம் இருந்தன. எதுவும் கிழியவில்லை.

“யாரு கழட்டினது?”

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் வயதானவர் சொன்னார்: “மலை கழட்டிடுச்சுங்க.”

அந்தச் சொல் அவனுக்குக் காதில் ஈயம் ஊற்றியது போல் இருந்தது. குளிரில் சாகிறவன் உடுத்தியதைத் தானே கழற்றுவானா? யாரோ பிடித்து வைத்துக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றி வாடைக்காற்றில் தள்ளிவிட்டு, அவன் விறைத்துப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கோட்டையில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். வேட்டைக் காட்டில் யாருக்கு உரிமை என்று மலைக்காரர்களோடு பழைய தகராறு ஒன்றும் இருந்தது.

சேந்தனுக்கு வழிகாட்டப் போனவள் சடைச்சி என்கிற வேட்டைக்காரி. பிணத்தை முதலில் பார்த்தவளும் அவளே.

ஒரு வருடம் மழவராயன் கோட்டைத் தலைவரை நச்சரித்தான். கடைசியில் அவர் சொன்னார்: “நீயே போய் விசாரிச்சுட்டு வா. மாசி பிறக்கற வரைக்கும் நேரம். அவங்கதான்னு தெரிஞ்சா ஐம்பது பேரை அனுப்பறேன். நீர்ப்பள்ளத்துல ஒரு கூரை மிஞ்சாது.”

மழவராயன் தலையாட்டினான். ஆனால் அவனுக்கு ஐம்பது பேர் வரும்வரை காத்திருக்கும் எண்ணம் இல்லை. அந்தப் பெண் தன் வாயால் ஒப்புக்கொண்டால் போதும், கத்தி இருந்தது.

அவன் நீர்ப்பள்ளம் போய்ச் சேர்ந்தபோது சடைச்சி குடிசைக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்து ஆட்டு ரோமத்திலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான, நீளமான கைகள்.

“வேட்டை கத்துக்கணும்,” என்றான். “கடைசி வேட்டைக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போகணும்.”

மாசி பிறந்தால் அந்த ஊரில் வில்லின் நாணை அவிழ்த்துவிடுவார்கள். மான்கள் குட்டி போடும் காலம். தையின் கடைசி நாட்களில் போகும் வேட்டைதான் ஐப்பசியில் தொடங்கும் அந்தப் பருவத்தில் கடைசி, கடினமானதும் அதுதான். மாதக்கணக்கில் துரத்தப்பட்ட மான்கள் உச்சிப் புல்வெளிக்குப் போய்விட்டிருக்கும். அசையாமல் நாள் முழுக்க உட்கார்ந்தால்தான் ஒன்று கண்ணில் படும்.

சடைச்சி அவன் வில்லைப் பார்க்கவில்லை.

“என்ன போட்டுட்டு வந்திருக்கீங்க, அண்ணே?”

அண்ணே. அவனை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். மழவராயன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

“பஞ்சு அங்கி. ரெண்டு விரல் கனம்.”

“அதுக்கு உள்ள?”

“பருத்திச் சட்டை.”

“அதுக்கு உள்ள?”

“அதுக்கு உள்ள நான்தான்.”

அவள் சிரித்தாள். “கழட்டுங்க.”

அவன் கை தானாக இடுப்புக்குப் போனது. “என்னது?”

“அங்கியத்தான். பார்க்கணும்.”

ஏழு முடிச்சையும் அவிழ்த்துக் கொடுத்தான். அவள் அதை ஓடைக்குக் கொண்டுபோய் நீரில் அமுக்கி எடுத்தாள். பிழிந்தாள். இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு கம்பை நுழைத்துக் குடிசைக்குப் பின்னால் நட்டுவைத்தாள். பிறகு தன் கம்பளியையும் அதே ஓடையில் முக்கிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி முள் எடுக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கம்பளியிலிருந்து மெல்ல ஆவி கிளம்பியது. அவள் நடுங்கவில்லை.

மறுநாள் விடியலில் மழவராயன் குடிசைக்குப் பின்னால் போனான். போனவன் ஓரடி பின்வாங்கினான்.

உறைபனியில் அங்கி விறைத்துப்போய், கம்பு சாய்ந்த பிறகும், தன் காலில் தானே நின்றுகொண்டிருந்தது. கையை விரித்தபடி, தலையில்லாத ஆள் மாதிரி.

“மழை விட்டு ரெண்டு மாசமாச்சு,” என்றான், குரலைச் சரிசெய்துகொண்டு. “நான் எதுக்கு நனையப் போறேன்?”

“ஏறுவீங்கல்ல?” என்றாள் சடைச்சி.

“ஏறினா?”

“விடியல்ல ஆரம்பிச்சா உச்சிப்பொழுது தாண்டும் அண்ணே, மேட்டுக்குப் போய்ச் சேர.”

அங்கியைத் தட்டி உறைபனியை உதிர்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று அவள் அவனுக்கு மூன்று உடுப்புகள் கொடுத்தாள். ஒன்று, உடம்போடு ஒட்டிப் போடுவதற்கு, குட்டியாட்டு ரோமத்தில் மெல்லிசாக நெய்தது. இன்னொன்று தலை நுழைய நடுவில் ஓட்டை விட்ட முரட்டுக் கம்பளி. மூன்றாவது தேன்மெழுகு தேய்த்து மிருதுவாக்கிய கடமான் தோல், காற்றைத் தடுப்பதற்கு. எல்லாவற்றிலும் அடுப்புப் புகை வாசம் அடித்தது.

“மூணையும் போட்டுட்டா குளிராதுல்ல?” என்றான்.

“மூணையும் ஒரேயடியாப் போட்டா மூணும் வீண். வேர்க்கறதுக்கு முன்னாடி கழட்டணும். குளிர்றதுக்கு முன்னாடி போடணும்.”

“குளிர்றதுக்கு முன்னாடி, குளிரப்போவுதுன்னு எப்படித் தெரியும்?”

நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சடைச்சி எழுந்து தோலாடையை மாட்டிக்கொண்டாள். கழுத்துக் கயிற்றை இறுக்கினாள். பைத்தியமா இவள் என்று மழவராயன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூரியன் மலை முகட்டுக்குப் பின்னால் இறங்கியது. அவனுக்கு முதுகு சிலிர்த்தது.

நாட்கள் போயின. அவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குடிசைகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பேசுகிறவர்கள் பக்கத்தில் போய் நின்று காது கொடுத்தான். மாசிக்கு எத்தனை நாள் என்று தினமும் கணக்குப் பார்த்தான். பழகுவதற்காகச் சடைச்சி அவனை ஒரு பாறையில் உட்காரவைத்து, அசையாமல் இருக்கச் சொன்னாள். இரண்டு நாழிகைகூடத் தாங்கவில்லை. கால் ஆடியது. கழுத்தைச் சொறிந்தான். கயிற்றை அவிழ்த்தான், கட்டினான், மறுபடி அவிழ்த்தான்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டான்: “போன வருஷம் இங்க ஒருத்தர் செத்துப்போனாராமே.”

“ஆமா.”

“எப்படி?”

அவள் தைத்துக்கொண்டிருந்த தோலிலிருந்து நூலைப் பல்லால் அறுத்தாள். “நான் சொன்னா நம்புவீங்களா?”

மழவராயனால் உடனே ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

“அப்பச் சொல்லி என்ன ஆகப்போவுது?” என்றாள்.

மாசிக்கு மூன்று நாள் இருக்கும்போது அவள் வந்து சொன்னாள்: “நாளைக்குப் போறோம்.”

விடியும் நேரம். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. சடைச்சி சேலையோடு மெல்லிய உள்ளுடுப்பை மட்டும் போட்டுக்கொண்டு, மற்ற இரண்டையும் சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். மழவராயன் அவள் கொடுத்ததை எல்லாம் மூட்டையாகக் கட்டிவிட்டு, தன் பருத்திச் சட்டைக்கு மேல் பஞ்சு அங்கியை மாட்டி ஏழு முடிச்சும் போட்டிருந்தான். அதை அடுப்பருகே காயவைத்து எடுத்திருந்தான்.

“அதையா போட்டிருக்கீங்க?”

“பழகினது.”

“சரி, கழட்டி முதுகுல கட்டிக்குங்க. மேல போனதும் போட்டுக்கலாம்.”

கழட்டுங்க. இப்படித்தான் சேந்தனிடமும் சொல்லியிருப்பாள் என்று நினைத்தான் மழவராயன். சிரித்த முகமாக, அண்ணே தம்பி என்று கூப்பிட்டு.

“குளிருது,” என்றான்.

“கிளம்பறப்ப குளிரணும். அதான் சரியான உடுப்பு.”

“நான் கழட்டப் போறதில்ல.”

அவள் அவன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு திரும்பி நடந்தாள்.

ஏற்றம் செங்குத்தாக இருந்தது. மழவராயனுக்குள் ஏதோ ஒன்று அவனைத் தள்ளிக்கொண்டே போனது. சீக்கிரம் மேலே போக வேண்டும், தம்பி செத்த இடத்தைப் பார்க்க வேண்டும், அங்கே வைத்து அவளைக் கேட்க வேண்டும். சடைச்சியை முந்திக்கொண்டு ஏறினான்.

“மெதுவா, அண்ணே. வேர்க்காம ஏறுங்க.”

அவன் காதில் வாங்கவில்லை. பாதி வழியில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கழுத்தோரத்திலிருந்து ஆவி பறந்தது. முதுகு மூட்டை பெரும் பாரமாகத் தெரிந்தது. ஒரு வளைவில், அவள் பார்வைக்கு எட்டாத நேரம், அதைக் கழற்றி ஒரு பாறைக்குப் பின்னால் போட்டுவிட்டான். கை வீசி நடக்க முடிந்தது. கத்தி எடுக்கவும் தோதாக இருக்கும்.

உச்சிப்பொழுது தாண்டி மேட்டை அடைந்தார்கள். மேலே ஒரே காற்று. சோலையின் ஓரத்தில் ஒரு பாறை மறைவில் சடைச்சி உட்கார்ந்து, கழுத்தையும் அக்குளையும் காய்ந்த புல்லால் துடைத்தாள். கம்பளியைப் போட்டாள். அதன் மேல் தோலைப் போட்டாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“உள்ள நனைஞ்சிருக்கா?”

“இல்ல.”

“மூட்டை எங்க?”

“வழியில வெச்சிட்டேன்.”

அவள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வில்லை எடுத்துத் தோளில் மாட்டினாள். “வாங்க, இறங்கிடலாம்.”

“எதுக்கு?”

“மான் அடுத்த ஐப்பசியிலயும் வரும், அண்ணே.”

“நீ வேணா போ. நான் வரல.”

அவள் போகவில்லை. எதிரே புல்வெளி, அதற்கப்பால் பள்ளத்தாக்கு. காற்று அங்கிருந்துதான் ஏறி வந்தது. நடந்தவரை கொதித்த உடம்பு இப்போது ஆறத் தொடங்கியது. முதலில் பிடரி. பிறகு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, யாரோ ஈரக் கையை வைத்தது போல. அந்தக் கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. அங்கியின் கனமெல்லாம் இப்போது தண்ணீரின் கனமாக இருந்தது.

மழவராயனின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. எழுந்தான், உட்கார்ந்தான். கையை அக்குளில் செருகினான், எடுத்தான்.

சடைச்சி தன் தோலைக் கழற்றி, கம்பளியையும் கழற்றி அவனிடம் நீட்டினாள். “இந்தாங்க. அந்த ஈரத்த எறிஞ்சுட்டு இதப் போடுங்க.”

“வேண்டாம்.”

“அண்ணே, சொல்றதக் கேளுங்க. கழட்டுங்க.”

“வேண்டாம்னு சொன்னேன்ல!” கத்தியின் பிடியை அவன் இறுகப் பற்றியிருந்தான். துணிக்கு மேலேயே அது தெரிந்திருக்கும்.

அவள் கம்பளியையும் தோலையும் மறுபடி போட்டுக்கொண்டாள். அவனுக்கு எட்டும்படி கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

வெயில் சாயும்போது மான் வந்தது. கிளைவிட்ட கொம்போடு, கழுத்து மயிர் சிலிர்க்க, சோலைக்குள்ளிருந்து வெளியே வந்து நின்றது. கோட்டையில் அவன் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற தூரம்தான். வில்லை வளைத்தான். விரல்கள் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. அம்பு நெஞ்சுக்குப் போகாமல் வயிற்றில் பாய்ந்தது. மான் ஒரு முறை துள்ளி, பள்ளத்துப் பக்கம் பாய்ந்து மறைந்தது.

மழவராயன் அதன் பின்னால் ஓடினான்.

“அண்ணே, நில்லுங்க! அது படுக்கட்டும், நில்லுங்க!”

அவன் நிற்கவில்லை. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. பத்து அடி ஓடுவதற்குள் அவனை மூடிவிட்டது. ரத்தத் துளி ஒன்று தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. கல் தடுக்கி விழுந்தான். எழுந்து நடந்து மறுபடி விழுந்தான். முழங்கால் சிராய்த்தது, உள்ளங்கை கிழிந்தது. வலிக்கவில்லை. எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று தெரியாமல் சுற்றினான். எவ்வளவு நேரம் என்றும் தெரியவில்லை.

ஒரு புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அப்போதுதான் நடுக்கம் நின்றுவிட்டதைக் கவனித்தான். பல் அடிக்கவில்லை. ஒரு வருடமாக அரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்றும்கூட நின்றுபோயிருந்தது. நிம்மதியாக இருந்தது.

பிறகு சூடு வந்தது.

வயிற்றில் தொடங்கி நெஞ்சுக்கு ஏறியது. கழுத்து கொதித்தது. சுண்ணாம்புக் காளவாய்க்கு எதிரே நிற்பது போல் இருந்தது. அங்கியில் தீப்பிடித்துவிட்டது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவசரப்படாமல் முடிச்சுகளை அவிழ்த்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணி ஏழையும் அவிழ்த்தான். பல நாளுக்குப் பிறகு அவன் கை பதறாமல் செய்த காரியம் அது. சட்டையை உருவி எறிந்தான். இடுப்புத் துணியையும் எறிந்தான். காற்று பட்டதும் ஆனந்தமாக இருந்தது. கத்தி மட்டும் கையோடு இருந்தது.

பனிக்குள்ளிருந்து யாரோ வந்து அவன் மேல் விழுந்தார்கள். எரிகிற உடம்பின் மேல் எதையோ போட்டு மூடப் பார்த்தார்கள். அவன் உதறினான், கத்தினான். கத்தியை வீசினான். அது எதிலோ இறங்கியது.

“அம்மா!” என்று ஒரு குரல் அலறியது. ஆனால் பிடி தளரவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. ஒரு பாறைக் குடைவுக்குள் கிடந்தான். காலருகே தீ எரிந்துகொண்டிருந்தது. அவன் உடம்பில் மெல்லிய உள்ளுடுப்பு, அதன் மேல் கம்பளி, அதன் மேல் கடமான் தோல். மூன்றிலும் புகை வாசம். மூன்றும் அவனுக்குச் சிறியவை, தையல் பிரியும் அளவுக்கு இழுத்து மாட்டியிருந்தது.

தீக்கு அந்தப் பக்கம் சடைச்சி உட்கார்ந்திருந்தாள். வெறும் சேலை. சேலைக்குள் காய்ந்த புல்லைக் கட்டுக் கட்டாகத் திணித்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. இடது மேற்கையில் சுற்றியிருந்த துணி ரத்தத்தில் ஊறிக் காய்ந்து கறுத்திருந்தது.

கத்தி அவன் தலைமாட்டில் இருந்தது. துடைத்து வைத்திருந்தாள்.

மழவராயன் தவழ்ந்து வெளியே வந்து பார்த்தான். கொஞ்சம் தள்ளிப் புல்லின் மேல் அங்கி கிடந்தது, உறைந்து, கையை விரித்துக்கொண்டு. நாலடி தள்ளிச் சட்டை. இடுப்புத் துணி ஒரு புதரில் தொங்கியது. எதுவும் கிழியவில்லை.

“யாரு கழட்டினது?”

“நீங்கதான்.”

“பொய் சொல்லாத.”

“ஏழு முடிச்சு, அண்ணே. ஒரு கையில ரத்தம் கொட்டுது, இன்னொரு கையால உங்களப் பிடிச்சிருக்கேன். நான் கழட்டியிருந்தா அறுத்துத்தான் எடுத்திருப்பேன்.”

அவன் தன் விரல்களைப் பார்த்தான். விரல்களுக்கு நினைவிருந்தது.

“சூடா இருந்துச்சு,” என்றான் மெல்ல. “வெந்துபோற மாதிரி.”

“ம். நடுக்கம் நின்னா அந்தச் சூடு வரும், அப்புறம் நேரமில்ல.”

“குளிர்ல எப்படி?”

“தெரியல. மலை கழட்டிடுச்சுன்னு சொல்லுவோம். நான் மூணு பேரப் பார்த்திருக்கேன், விடிஞ்சப்புறம். போன வருஷம் செத்தவர ராத்திரி முழுக்கத் தேடியும் விடிஞ்சுதான் கண்டுபிடிச்சேன். மூணு பேரும் சிரிச்ச முகமாத்தான் கிடந்தாங்க.”

சேந்தனின் முகத்திலும் ஒரு சிரிப்பு இருந்தது. அதை மழவராயன் யாரிடமும் சொன்னதில்லை. கம்பளியை விலக்கியதும் முதலில் அவன் கண்ணில் பட்டது அதுதான்.

அவன் உறைந்த புல்லில் உட்கார்ந்து அழுதான். ஒரு வருடமாக வராத அழுகை. பிறகு, அவளிடம் சொன்னானா தனக்கே சொல்லிக்கொண்டானா தெரியாது: “அவன் வேண்டாம்னுதான் சொன்னான். கனமா இருக்கு, வேண்டாம்ணேன்னான். குளிரும்டான்னு நான்தான் அந்த அங்கியப் போட்டுவிட்டேன். முடிச்சும் நானே போட்டேன்.”

சடைச்சி எழுந்தாள். தீயின் மேல் மண்ணைத் தள்ளினாள்.

“எந்திரிங்க. மான் அடிபட்டுக் கிடக்கு.”

“இப்பவா?”

“ராத்திரி முழுக்க அதுவும்தான் குளிர்ல கிடந்துச்சு.”

மழவராயன் எழுந்தான். தோலையும் கம்பளியையும் கழற்றினான். முதலில் கம்பளியை அவள் தலை வழியே, அடிபட்ட கை உரசாமல், மாட்டிவிட்டான். அதன் மேல் தோலைப் போட்டுக் கயிற்றைக் கட்டினான். மெல்லிய உள்ளுடுப்போடு நடந்தான். குளிர்ந்தது. ஏற்றம் வந்த இடங்களில் மெதுவாக ஏறினான். அவள் ஒரு தடவைகூட ‘மெதுவா’ என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மான் ஓடைக்கரையில் படுத்திருந்தது. உயிர் இருந்தது. அவர்களைப் பார்த்துத் தலையைத் தூக்கியது, எழ முடியவில்லை. அவன் ஒரே அம்பில் முடித்தான். அதன் கண் மூடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கால் ஆடவில்லை.

மறுநாள் கோட்டைக்கு இறங்கினான். சபையில் எல்லோரும் இருந்தார்கள்.

“யாரு கழட்டினாங்கன்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டார் தலைவர்.

“தெரிஞ்சுது. சேந்தனேதான்.”

சபையில் சலசலப்பு. யாரோ சிரித்தார்கள்.

“இதுக்கு யாரு சாட்சி?”

“நான்தான். அதே மலையில, அதே குளிர்ல, நானும் கழட்டினேன். என்னைத் தடுக்க ஆள் இருந்துச்சு, உயிரோட வந்திருக்கேன். அவனத் தேடிப் போனவ அவனக் கண்டுபிடிக்கறதுக்குள்ள விடிஞ்சுபோச்சு.” ஓரடி முன்னால் வந்து நின்றான். “யார் மேலயாவது குத்தம் சொல்லியே ஆகணும்னா, அந்த அங்கியக் கொடுத்தவன் மேல சொல்லுங்க. உங்க எதிர்லதான் நிக்கறேன்.”

தலைவர் எழுந்தார். பிறகு ஐம்பது பேரையும் அவரவர் வேலையைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மாசி பிறந்த மறுநாள் மழவராயன் மறுபடி மலையேறினான், அவளுடைய உள்ளுடுப்பைத் துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு. இந்தத் தடவை இடுப்பில் எதுவும் இல்லை.

சடைச்சி குடிசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கையால் வில்லின் நாணை அவிழ்க்கப் போராடிக்கொண்டிருந்தாள். மற்றக் கை கழுத்திலிருந்து தூளியில் தொங்கியது. இனி வில்லைப் பிடிக்க எத்தனை மாதம் ஆகுமோ என்று வைத்தியம் பார்த்தவருக்கே தெரியவில்லை. மழவராயன் எதிரே உட்கார்ந்து வில்லின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

“நான் யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“சேந்தனோட அண்ணன்.”

“எப்பத் தெரிஞ்சுது?”

“அண்ணேன்னு கூப்பிட்டதும் உங்க முகம் போன போக்குல. அவரு வழி நெடுக எங்கண்ணன் எங்கண்ணன்னு உங்களப் பத்தித்தான் பேசிட்டு வந்தாரு.”

“எதுக்கு வந்தேன்னும் தெரியுமா?”

“கை இடுப்புக்குப் போயிட்டே இருந்துச்சே.”

“தெரிஞ்சும் கூட்டிட்டுப் போன.”

“விட்டிருந்தா தனியாப் போயிருப்பீங்க.”

வில் மெல்ல நிமிர்ந்தது. நாண் தளர்ந்தது. மழவராயன் இன்னும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. மூன்று நாளாக அது ஒன்றுதான் அவனைப் போட்டு வாட்டிக்கொண்டிருந்தது.

“கொல்ல வந்தவன்னு தெரியும். கத்தியாலயும் குத்திட்டேன். அப்படிப்பட்டவனுக்கு, அந்தக் குளிர்ல, உன் உடம்புல இருந்த மூணையும் உருவிப் போட்டிருக்க. ஒரு தடவையாவது யோசிக்கணும்னு தோணலயா?”

சடைச்சி நாணைச் சுருட்டி மடியில் வைத்தாள்.

“நடுங்கிட்டு இருந்திருந்தீங்கன்னா யோசிச்சிருப்பேன், அண்ணே. நீங்க நடுங்கறத நிறுத்திட்டீங்க.”